இல்லாத தொட்டி

மே 31, சனி

பால்காரர் மறுபடியும் தண்ணீர் கலக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டால் மாட்டைக் குறை சொல்கிறார். மாடு வந்து சாட்சி சொல்லாது என்கிற தைரியம்.

ஆபீஸில் மகப்பேறு ஆஸ்பத்திரிக் கட்டட வேலை கழுத்தை நெரிக்கிறது. இத்தனை காலமாக நாங்கள் படம் போடுவோம், காண்ட்ராக்டர் கட்டுவார். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. இந்த முறை மேலிடத்து உத்தரவு வேறு: படமும் அவரே போட்டு, கட்டடத்தையும் அவரே கட்ட வேண்டும். வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம் என்று பெயர். எங்கள் மாவட்டத்தில் இதுதான் முதல். நாங்கள் கொடுப்பது நிலத்தின் வரைபடமும், என்னென்ன வேண்டும் என்ற விவரமும் மட்டும். பிரசவ அறையை எங்கே வைப்பது, சாய்தளம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் மதிப்பெண்.

ஆனால் செலவை மதிப்பிட எங்களுக்கென்று ஒரு மாதிரிப் படம் வேண்டுமே. அதை உதவிப் பொறியாளர் இசக்கிராஜா கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது ரகசியம். ஒரு காண்ட்ராக்டர் கண்ணில் பட்டாலும் போச்சு. மற்றவர்கள் இருட்டில் எழுதும் பரீட்சையை அவர் மட்டும் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுவார். படம் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று செயற்பொறியாளர் என்ற முறையில் நானே சுற்றறிக்கை விட்டேன்.

மதியத்துக்கு மேல் ஆபீஸில் ஒரே சத்தம். ஒரு பிரதியைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் கையில் இருந்தால் அது ஆபீஸில் இருப்பது மாதிரிதான்.

ஜூன் 1, ஞாயிறு

தம்பி கைலாசம் மதுரையிலிருந்து வந்தான். தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு பொரியல். பிள்ளை இளைத்திருக்கிறான். அங்கே ஏதோ ஒரு டிசைன் ஆபீஸில் கான்கிரீட் கணக்குப் போடுகிறான். என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டால் "எல்லாம் அபார்ட்மென்ட்தான்க்கா" என்பான். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மேசையிலேயே படத்தை விரித்தேன். ஒன்று பளிச்சென்று பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆஸ்பத்திரி வளாகத்தின் வடகிழக்கு மூலையில் பெரிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினோம். இசக்கி போட்ட படத்தில் அதைக் காணோம். கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும், நிலத்தில் கால் வைக்க வேண்டாம் என்று நினைக்கிற தலைமுறை. பென்சிலால் தொட்டியை நானே வரைந்து, 'பழைய தொட்டி, தொடக் கூடாது' என்று எழுதி, கட்டடத்தை மேற்கே தள்ளிக் கோடு போட்டேன்.

"ஞாயித்துக்கெழமையும் வேலையாக்கா? உன்னை வச்சுத்தான் கவர்மென்டே நடக்கு," என்றான் கைலாசம்.

நடுவில் கண்ணாடியைத் தேடி உள்ளே போய்ப் பாதி நேரம் வீணானது. திரும்பி வந்தால் அவன் மேசையைத் துடைத்து, தாளை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்? பாத்திரம் தேய்க்க வரும் ராக்கம்மாதான் வாசல்படியில் நின்று தாளை எட்டி எட்டிப் பார்த்தாள். இனி அவள் வரும் நேரத்தில் எதையும் விரிக்கக் கூடாது.

ஜூன் 2, திங்கள்

இசக்கி லீவு. மனைவிக்கு ஸ்கேனாம். ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டி வரும் லீவை நான் நம்புவதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

டிரைவரைக் கூட்டிக்கொண்டு, அளக்கும் டேப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொட்டி இருக்கிறது. ஆனால் நம் நிலத்தில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம், பழைய காசநோய் வார்டு வளாகத்தில் இருக்கிறது. நாங்கள் தொட்டி கட்டிய காலத்தில் நடுவில் சுவர் கிடையாது. என் ஞாபகம் என்னை ஏமாற்றிவிட்டது. இசக்கியின் படம்தான் சரி.

இதை அவனிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்து, தாளை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

டெண்டர் வெளியானது. மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: போட்டியிடும் நிறுவனத்திலோ அதன் வடிவமைப்பாளரிடமோ எனக்கு நெருங்கிய உறவினர் யாரும் இல்லை, பின்னால் தெரியவந்தால் உடனே எழுத்தில் தெரிவிப்பேன். எனக்கு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் இவருடைய பங்காளிகள் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். படிக்காமலே போட்டேன் என்று சொல்ல முடியாது. படித்துத்தான் போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

கைலாசம் ஃபோன். ஆடி பிறக்கும் முன்னாலேயே டெண்டரைத் திறந்துவிடுவீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டான். ஆடியில் எந்தக் காண்ட்ராக்டரும் புது வேலைக்குக் கை நீட்டமாட்டார் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என் வேலையில் இந்த அக்கறையில் பாதி இவருக்கு இருந்தால் தேவலை.

ஜூலை 4, வெள்ளி

டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம். மூன்று நிறுவனங்கள் வந்தன. கோயம்புத்தூர்காரர்கள் கேள்வி கேட்டே தொண்டையை வறளவைத்தார்கள். நாகர்கோவில்காரர் மண் பரிசோதனை பற்றிக் கேட்டார். மதுரைக்காரர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். கேள்வி இல்லாதவனுக்கு ஒன்று, எதுவும் தெரியாது. அல்லது எல்லாமே தெரியும். போகும்போது அவர்களில் ஒருவன் இசக்கியின் தோளைத் தட்டினான். பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

வடிவமைப்பு உறைகள் திறக்கப்பட்டன. விலை உறைகளை இப்போது தொடக் கூடாது. படத்துக்கு மதிப்பெண் போட்டு, தேறியவர்களின் விலையை மட்டுமே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விலையைப் பார்த்த கண் படத்தை நேராகப் பார்க்காது.

இசக்கி புதுக் கார் வாங்கியிருக்கிறான். லோன் என்கிறான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. மதுரைக்காரர்களின் படத்தை விரித்துப் பார்த்தேன்.

கட்டடம் மேற்கே தள்ளியிருக்கிறது. வடகிழக்கு மூலை காலி. அங்கே கட்டம் போட்டு, 'தற்போதுள்ள நிலத்தடித் தொட்டி பாதுகாக்கப்படும்' என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த நில வரைபடத்தில் தொட்டி கிடையாது. நிலத்திலும் கிடையாது. இல்லாத தொட்டிக்கு மரியாதையாக இடம் விட்டு ஒரு கட்டடம்!

எங்கள் மாதிரிப் படம் வெளியே போயிருக்கிறது. கொடுத்தது யார் என்று தெரியாமல் விடமாட்டேன்.

ஜூலை 21, திங்கள்

மதுரைக்காரர்களை விளக்கம் சொல்லக் கூப்பிட்டோம். டை கட்டிய ஒருவர் திரையில் படம் காட்டினார். குழுத் தலைவர் எஸ்.இ., அதாவது கண்காணிப்புப் பொறியாளர் ஜெபநேசன் சார். நான் கேட்டேன்: "அந்தத் தொட்டி இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"சைட்ல விசாரிச்சோம் மேடம்."

"யார்ட்ட?"

"வாட்ச்மேன்ட்ட."

அந்த இடத்தில் வாட்ச்மேனே கிடையாது. அவர் தண்ணீர் குடித்தார். டிசைன் கணக்கைப் போட்டவர் வரவில்லையா என்று எஸ்.இ. கேட்டார். அவருக்கு உடம்பு சரியில்லையாம்.

பிறகு எஸ்.இ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது நம்ம ஆபீஸ்ல இருந்துதான் போயிருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும் மேடம். இல்லைன்னா விஜிலென்ஸ் வந்து எல்லாரையும் கிண்டுவான்."

ஜூலை 25, வெள்ளி

இசக்கிராஜா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் அவன் கம்ப்யூட்டரில் பிறந்தது. தோளில் தட்டு வாங்கியவன் அவன். கார் அவனுடையது. நெருப்பில்லாமல் புகையுமா?

பென்சில் தொட்டியை அவன் எப்படிப் பார்த்தான் என்பது விசாரணையில் தெரியவரும். அழித்தாலும் தாளில் தடம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பீரோ சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் கள்ளச் சாவி செய்வது என்ன பெரிய வித்தையா?

ஜூலை 29, செவ்வாய்

இசக்கிக்கு 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அது இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் ஏறாது. நிரூபணமானால் வேலையே போகும். வாங்கும்போது அவன் கை நடுங்கவில்லை. குற்றமில்லாதவன் என்றால் நடுங்காதோ? இல்லை, பழகிய கள்ளனுக்குத்தான் நடுங்காதோ? இந்த ஆபீஸில் யாரையும் படிக்க முடியவில்லை.

ராக்கம்மாவை நிறுத்திவிட்டேன். முதுகு வலிக்கிறது. பாத்திரம் அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இசக்கி என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், தொட்டின்னு ஒண்ணு இருக்குறதே மெமோவுல பாத்துத்தான் எனக்குத் தெரியும். என் ஃபைல்ல எங்கன தொட்டி இருக்கு? கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. எந்தத் தேதில என்ன மாத்துனேன்னு அதுவே சொல்லும்."

"ப்ரின்ட்ல இருந்திருக்கும்."

"யார் வரைஞ்சா மேடம்?"

மேசையிலிருந்த கோப்பை மூடினேன்.

"அந்த ப்ரின்ட் நீங்க சனிக்கெழம கொண்டுபோனது. திங்கக்கெழம நான் லீவு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? என் பொண்டாட்டிக்கு இது நெற மாசம் மேடம். நாலு நாளா ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கா. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

சாமர்த்தியமாகப் பேசுகிறான். மனைவியை இழுத்தால் மனம் இளகும் என்று தெரிந்திருக்கிறது. அவன் போனபிறகு பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நான் நன்றாகத்தான் அழித்திருக்கிறேன். ஒரு தடமும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதமும் புளிச் சாதமும் கிளறினேன். வருகிறேன் என்ற கைலாசம் கடைசி நிமிஷத்தில் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

இவரிடம் ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை. இன்று மனம் தாங்காமல் சொன்னேன். இசக்கியின் கள்ளத்தனம், தொட்டி, எல்லாம். இவர் பேங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சையும் எண்ணித்தான் கொடுப்பார். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ அந்தத் தொட்டிய வரஞ்சது இந்த மேசையிலதான?"

"ஆமா."

"கண்ணாடியத் தேடி நீ உள்ள போனேல்லா, அப்ப கைலாசு ஃபோன எடுத்து மேசைக்கு மேல புடிச்சான். சொதியப் படம் புடிச்சு அவன் பொண்டாட்டிக்கு அனுப்புதான்னு நெனச்சேன்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலியே. பால்காரன், ராக்கம்மா, வாட்ச்மேன், இசக்கின்னு ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம சந்தேகப்படுத. கைலாசு பேர நான் எடுத்திருந்தா முதல்ல என்னையத்தான் சந்தேகப்பட்டிருப்ப."

சொதியைத்தான் படம் பிடித்திருப்பான். அன்று சொதி நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் ஆபீஸ் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கைலாசத்துக்கு ஃபோன் செய்தேன். நலம் விசாரிக்கவில்லை. "மதுரைக்காரங்க படத்துக்குக் கணக்குப் போட்டது நீதானா?" என்றேன்.

பின்னால் லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு பென்சில் கோடுதான்க்கா. அதுக்குப் போய் இவ்ளோ பேசுத?"

"அதப் படம் புடிச்சியா இல்லையா?"

"ஊர்ல எல்லாவனும் செய்யுததுதான். இந்த வேல கெடச்சா என்னையப் பார்ட்னராச் சேத்துக்கிடுதோம்னு எங்க ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. இன்னும் எத்தன வருசம் அடுத்தவன் கையெழுத்துக்குக் கீழ நான் கணக்குப் போட? நீ ஆபீசர். உனக்கு அது புரியாது."

"இங்க ஒரு பையன் வேல போவப் போவுது கைலாசு. பிள்ளத்தாச்சிப் பொண்டாட்டி அவனுக்கு."

"அவனுக்கு எதிரா ஆதாரம் இருக்கா? இல்லல்லா? நாலு மாசத்துல மெமோ தானா செத்துரும். நான் மாட்டுனா எந்திரிக்க முடியாது. நீ வாயத் தொறக்காட்டா போதும். அவ்வளவுதான் கேக்கேன்."

"நான் கையெழுத்துப் போட்டுருக்கேன்."

"நீ எனக்கு அக்காவா, கவர்மென்டா?"

ஃபோனை வைத்துவிட்டான். அவன் இரண்டு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. வெயிலில் நின்று அழுதேன். கீழே போய்க் கோப்புகளில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவன் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எஸ்.இ. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனது, தொட்டியை வரைந்தது, அழித்தது, தம்பி. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி. இப்ப நான் சொல்லுதத நிதானமாக் கேளுங்க. இசக்கி மெமோவ ஆதாரம் இல்லைன்னு சத்தமில்லாம மூடிருதேன். மதுரைக்காரனுக்குப் படத்துல மார்க்கக் கொறச்சு வெளிய தள்ளிரலாம். உங்க தம்பி பேரு எங்கயும் வராது. டெண்டரும் நிக்கும், ஆஸ்பத்திரியும் வரும்."

"அப்ப இசக்கி?"

"அதான் மூடுதேன்னு சொல்லுதேன்லா."

"ஆதாரம் இல்லைன்னு மூடுனா, ஆதாரம் கெடைக்கலைன்னுதான ஆபீஸ்ல பேசுவாங்க? அவன் செய்யலைன்னு யார் சொல்லுவா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என் கையில எதுவும் இல்ல மேடம். டெண்டர் முழுசா ரத்தாவும். உங்களுக்கும் 17பி வரும். ரிட்டயர்மென்டுக்கு எத்தன வருசம் இருக்கு?"

எஸ்.இ. ஏன் எனக்கு இவ்வளவு நல்லது செய்கிறார்? குழுத் தலைவர் அவர். படம் வெளியே போனது அவர் பொறுப்பில் இருந்தபோது. என்னைக் காப்பாற்றினால் அவரும் தப்பிப்பார். இப்படித்தான் என் புத்தி ஓடுகிறது, அந்த நேரத்திலும். அவர் உண்மையாகவே இரக்கப்பட்டிருக்கலாம். எனக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்ததையே கண்டுபிடிக்காதவள்.

வெள்ளைத்தாள் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது ஆஸ்பத்திரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு மழைக்காலம் அவர்கள் ஒழுகும் கூரையின் கீழ்தான் பிள்ளை பெற வேண்டும். அதுவும் என் கணக்கில்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

டெண்டர் ரத்து. மதுரை டிசைன் ஆபீஸில் கைலாசத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி ஃபோனில் அழவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க மைனி," என்று மட்டும் சொன்னாள்.

இசக்கியின் குறிப்பாணையை ரத்து செய்த உத்தரவை நானே அவன் மேசைக்குக் கொண்டுபோனேன். எல்லோர் முன்னாலும், "நீ செய்யல. நான் எழுதினது தப்பு," என்றேன். அவன் உத்தரவை இரண்டு முறை படித்தான். "சரி மேடம்," என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. எதிர்பார்த்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

என்மீதான விசாரணை. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர். பக்கத்தில் டைப்பிஸ்ட். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனார்.

"அந்த ஞாயித்துக்கிழமை வீட்ல யார் யார் இருந்தாங்க?"

"நான், என் கணவர், கைலாசம்."

"கைலாசம் உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி."

"கூடப் பிறந்தவரா? சித்தப்பா, பெரியப்பா மகனா?"

"கூடப் பிறந்தவன். அம்மா போனப்போ அவனுக்கு நாலு வயசு. அப்பா அப்புறம் வீட்டுக்கே சரியா வரல. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அவனை இடுப்புல..."

அதிகாரி மெதுவாகக் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் பதிவுக்குத் தேவையில்ல மேடம்."

டைப்பிஸ்ட் 'உடன்பிறந்த தம்பி' என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தார். தாளை என் பக்கம் திருப்பினார்கள். வரிக்கு வரி படித்துப் பார்த்தேன். தவறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.